ஆறாவது பலகை

எனக்கு விசில் ஊத வராது, ஐயா. மூச்சு போதாது. அதனால் கொடுத்த விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வாயாலேயே சொல்லிவிடுவேன். "அண்ணே, சிகரெட்டை அணைச்சிருங்கண்ணே." பெரும்பாலும் அணைத்துவிடுவார்கள். மனிதர்கள் நல்லவர்கள்தான். எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முப்பத்தோரு வருஷம் இதே பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்கினேன். இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, "தேயறதுக்கு இன்னும் மிச்சம் இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள் என் மனைவி. காலையில் எனக்குச் செருப்பு மாட்டிவிடுவதே அவள்தான். ஐம்பது வயதுக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றிருந்தேன். அந்தப் புண்ணியத்தில் நிலையத்திலேயே புகைத்தடைக் காவலர் வேலை கிடைத்தது. கையில் பச்சைப் பட்டை. உட்கார ஒரு நாற்காலி. உட்கார்ந்துகொண்டே சம்பளம் வாங்கலாம் என்பதை அதுவரை நான் கேள்விதான் பட்டிருந்தேன்.

வேலையில் ஒரே ஒரு சிக்கல். சுகாதார அதிகாரி வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருவார். புகைக்கிற ஆளைத் தேட மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். சிகரெட் துண்டு கிடந்தால் என் பெயருக்கு நேராக ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் மறுபடியும் மூட்டை. எனக்கு இரண்டு விழுந்திருந்தது. இரண்டும் டைம் கீப்பர் உபயம்.

பேருந்து வரும் நேரம், போகும் நேரம் எழுதுகிறவர் அவர். பயணிகள் கூடத்தின் நடுவே கண்ணாடிக் கூண்டில் இருப்பார். கலகலப்பான மனிதர். குறை சொல்ல முடியாது. ஜன்னல் வழியாகத் துண்டைச் சுண்டிவிடுவார், அது சரியாக என் நாற்காலிக்கு அடியில் போய் விழும்.

"சார், இங்க பிடிக்கக் கூடாது சார்" என்பேன்.

"எங்கய்யா போட்டிருக்கு? எனக்கு எதிர்ல போர்டைக் காணோமே. இருந்தாலும் நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் சிகரெட்டையே முடிச்சிருவேன் பெருசு."

கண்டக்டர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவைதானே.

மேலாளரிடம் போனேன். "அவரு யூனியன் ஆளுய்யா. நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். இரண்டாவது கோடு விழுந்தது அந்த வாரம்தான்.

யோசித்துப் பார்த்தால் டைம் கீப்பர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதிகாரி கொடுத்தது ஐந்து பலகை. கூடத்துக்கு ஆறு வேண்டும். புதிதாகக் கேட்டால் மூன்று மாதம் ஆகும். நிலையத்துக்குப் பின்னால் பெயின்ட் அறைக் கதவில் ஒரு பலகை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யார் போகிறார்கள்? வியாழக்கிழமை மதியம் அதைக் கழற்றிக் கூண்டுக்கு எதிரே மாட்டினேன். நான்கு திருகாணி, பத்து நிமிட வேலை.

மறுநாள் பத்தரைக்கு டைம் கீப்பர் சிகரெட் பெட்டியை எடுத்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"சார், இப்ப உங்களுக்கு எதிர்லயும் போர்டு வந்துருச்சு. பின்னாடி பெயின்ட் ரூம்ல போர்டு இல்ல. அங்க போய் நிம்மதியா பிடிங்க. அதிகாரி வர்ற நேரம்."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவாயில்லையே பெருசு! இப்பதான் நீ ஆபீசர் மாதிரி பேசுற" என்று முதுகில் தட்டினார். பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் கவ்விக்கொண்டு என்னோடு நடந்தார். வழியெல்லாம் தன் பேத்தி பண்ணும் சேட்டைகளைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார்.

பேருந்துகளுக்கு வண்ணம் அடிக்கிற வாரம் அது. அறைக்குள் பெயின்ட்டில் கலக்கிற தின்னர் டின்கள் இருந்தன. சிலவற்றுக்கு மூடி இல்லை. எனக்கு வாசலிலேயே தலை சுற்றியது. அவருக்கு நாற்பது வருஷப் புகையில் மூக்கு செத்துப்போயிருந்தது. நேராக உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தினேன். புகை கூடத்துக்கு வந்தால் குழந்தைகள் இருமும். சாத்தின கதவு காற்றில் திறந்துகொள்ளும் என்பதால் தாழ்ப்பாளும் போட்டேன்.

உள்ளே தின்னர் இருப்பது எனக்குத் தெரியுமா என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள்? பலகையைக் கழற்றும்போதே படித்தேன், ஐயா. "தீப்பிடிக்கும் பொருள். புகை பிடிக்காதீர்." முதல் வரியைத் துணி சுற்றி மறைத்துவிட்டுத்தான் கூடத்தில் மாட்டினேன். கூடத்தில் அப்படிப் பொருள் எதுவும் இல்லை, ஜனங்கள் வீணாகப் பயப்படுவார்கள்.

டைம் கீப்பர் கதவைத் தட்டினார். கேட்டது. என் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டார். அவருக்கு என் பேர் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. அதற்கப்புறம் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்தேன். ஆட்கள் தண்ணீர் வாளியோடு என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் குனிய முடிந்த மட்டும் குனிந்து, நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்றைய பதிவேட்டில் "விதிமீறல்: இல்லை" என்று நான் எழுதியிருப்பதைப் பொய் என்கிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா. பெயின்ட் அறை பொது இடத்தில் சேராது. நான் பொய் எழுதுகிற ஆள் இல்லை.