அஞ்சலாட்சிக்கு மட்டும்

— கதவ சாத்து அஞ்சலாட்சி. உள்ள இருக்கறது அண்ணன் நான், தங்கச்சி நீ, அப்புறம் இந்த லூயிஸ். மூணே பேரு. பேசறது இந்த மூணு பேரோட நிக்கணும்.

— ஒளிச்சுப் பேச என்னண்ணா இருக்குது? எதிர்வீட்டுப் பூர்ணிமாவோட கல்யாணப் பத்திரிகைக் கவர்ல 'குடும்பத்துடன்'னு எழுதியிருக்க. என் கவர்ல வெறும் 'திருமதி அஞ்சலாட்சி'. ஏன்னு கேட்டேன். அவ்ளோதான்.

— பூர்ணிமாவுக்குப் புருஷன் இருக்கான், புள்ளைங்க இருக்குதுங்க. உன் புருஷன் போயி ஒம்போது வருஷம் ஆவுது. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல.

— தட்டுலயும் அந்த முறைதானா? வெத்தல இருக்குது, பழம் இருக்குது. குங்குமத்த மட்டும் காணோம்.

— உனக்கு எப்படிம்மா வைக்கறது? தபால்ல போடாம, அரியாங்குப்பத்துலேர்ந்து நானே தட்டு எடுத்துக்கிட்டு வந்தேன். அதப் பாரு.

— முசே, காபி ஆறிடுதுங்கய்யா.

— எனக்கு வேணாம் லூயிஸ். உங்கள நான் குறை சொல்ல வரல. ஆனா என் புள்ள கல்யாணத்துல, முன்வரிசையில உக்கார உங்களுக்கு என்ன முறை?

— சரிங்க முசே, நான் வரல. அஞ்சலா, நீ மட்டும் போயிட்டு வா. அருளு பாவம், காத்துக்கிட்டிருப்பான்.

— நீ சும்மா இரு லூயிஸ். ரெண்டு பேரா வருவோம், இல்லன்னா தட்ட எடுத்துக்கிட்டுப் போவட்டும்.

— எடுத்துக்கிட்டுப் போனா என்ன ஆவும் தெரியுமா? என் சம்சாரம் கமலவேணி செத்தப்ப அருளுக்கு நாலு வயசு. வளர்த்தது நீ. அத்த வராம மண்டபத்துல கால வைக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். முகூர்த்தத்துக்குப் பன்னெண்டு நாள் இருக்குது. நான் இன்னும் எவ்ளோ இறங்கி வரணும்?

— ஒரு வார்த்த எழுதற அளவுக்கு. பேனா இந்தா.

— எழுத மாட்டேன். நம்ம அப்பன் காலத்துலேர்ந்து நம்ம வீட்டுப் பத்திரிகைய ஒருத்தன் கை நீட்டிக் குறை சொன்னதில்ல.

— ஆவணில நான் உனக்கு ஒரு கவர் அனுப்புனேனே, ஞாபகம் இருக்குதா?

— அனுப்புனவர் பேரு லூயிஸ்னு இருந்துச்சு. நான் பிரிக்கல. கிழிக்கவும் இல்ல. பீரோவுல கிடக்குது.

— மேல உன் பேரு எப்படி எழுதியிருந்துச்சு?

— 'உயர்திரு விஜயராகவன் அவர்கள், குடும்பத்துடன்'. மஞ்ச கூட தடவியிருந்துச்சு. அதுக்கு இப்ப என்ன?

— ஒண்ணுமில்ல. உனக்கு மரியாத குறையாம எழுதியிருந்தனான்னு கேட்டேன்.

— அஞ்சலா, வேணாம். விட்டுடு.

— அவ விட்டாலும் நான் எப்படி விடறது லூயிஸ்? என் தலையே குனிஞ்சு கிடக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க காதுக்கே போயிடுச்சு. அஞ்சலாட்சி ஒரு ஆள சும்மா கூட வெச்சிருக்கான்னு ஊரே பேசுது. நாளைக்கு மண்டபத்துல இவரு யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?

— ஊரு பேசறது தப்புன்னு சொல்லு. ஆவணி பதினாறு, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நீ பிரிக்காத கவர்ல இருக்கறது எங்க பத்திரிகை. உன் குடும்பத்துலேர்ந்து யாரும் வரலன்னும் ஒரு பேச்சு இருக்குது, அதுவும் தப்பு. முதல் சாட்சிக் கையெழுத்து அருளு போட்டது.