பன்னிக்காது சாபம்

...இல்லம்மா, நான் உள்ள போகல. நீ உன் பாப்கார்னப் பாரு. ஆமா, வாசல்ல தொங்குற பேனர்ல இருக்கிறது என் மூஞ்சிதான். தாடி மட்டும் ஒட்டுத்தாடி. யூஜின் லியோங், நடிப்புல ஐம்பது வருஷம், எங்க சீனச் சங்கத்துப் பாராட்டு விழா, மத்தியானக் காட்சி, எல்லாம் கரெக்ட்டு. விழா நாயகன் ஏன் பாப்கார்ன் கடையில வந்து ஒளிஞ்சிருக்கான்னுதானே பாக்குற? சொல்றேன், சொல்றேன். உன் சட்டையில யோலாண்டான்னு போட்டிருக்கு... நல்ல பேரு. வெண்ணெய் ஊத்தாத யோலாண்டா, டாக்டர் கத்துவான்... சரி, ஊத்து, ஊத்து. இன்னிக்கு எப்படியும் நான் முழுசா வீடு போய்ச் சேரப் போறதில்ல.

உள்ள மூணாவது வரிசையில என் பொண்டாட்டி பெர்னிஸ். கடைசி வரிசையில என் மச்சான் கிளிஃபர்ட், அவ கூடப் பொறந்த தம்பி. ரெண்டு பேரும் பேசி முப்பத்தாறு வருஷமாச்சு. எதனால பேசலங்கிறது இன்னும் பத்து நிமிஷத்துல திரையில வரப்போகுது. நான்தான்மா காரணம்! அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் திரைக்கும் தெரியும்.

இரு, மொதல்லேருந்து சொல்றேன். நான் இதுவரைக்கும் நாப்பத்தேழு தடவ செத்திருக்கேன். சுட்டுட்டாங்க, குத்திட்டாங்க, மாடியிலேருந்து தள்ளிட்டாங்க, ஒரு படத்துல நூடுல்ஸ் கொதிக்கிற அண்டாவுல தலையப் புடிச்சு அமுக்கிட்டாங்க. ஒரு சாவுக்காவது எவனாவது அழுதான்? கதாநாயகன் என்னத் தாண்டிக் குதிச்சு ஓடுவான், அவ்ளோதான்! மளிகைக் கடைக்காரன், சலவைக் கடைக்காரன், ரவுடித் தலைவன் பக்கத்துல கைய கட்டிக்கிட்டு நிக்கிறவன்... பேரு கூடக் கிடையாது. 'கிழவன் 2'ன்னு போடுவாங்க. அப்போ எனக்கு வயசு இருபத்தெட்டு! கிழவன் 1 யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

வசனமா? நல்லாக் கேட்ட! காகிதத்துல என்ன எழுதியிருக்கும் தெரியுமா? 'சீனத்தில் கத்துகிறான்.' முடிஞ்சுது! என்ன கத்தணும்னு எழுதினவனுக்கும் தெரியாது, டைரக்டருக்கும் தெரியாது. "யூஜின், ஏதாவது சொல்லுப்பா, கோவமாச் சொல்லு"ம்பாங்க. நான் என்ன பண்ணுவேன்? எங்க ஊர்ப் பக்கத்துச் சீனம், தொய்சான் பேச்சுல வாய்க்கு வந்தத விடுவேன். ரவுடியா மிரட்டும்போது ஓட்டல் சாப்பாட்டுப் பட்டியல ஒப்பிச்சிருக்கேன். "ஆவியில வேகவச்ச மீனு! இஞ்சி போட்ட கோழி!"... எதிர்ல இருந்தவன் நடுங்கிட்டான்! டாக்டரா வந்து, புள்ளைக்கு இனிமே நம்பிக்கையில்லன்னு தாய்கிட்ட சொல்ற சீன்ல, எங்க வீட்டுப் பக்கம் எந்தெந்த பஸ்ஸு எத்தன மணிக்கு வரும்னு சொன்னேன். செட்டே கண்ணத் தொடச்சுது!

திரையில இருக்கிறது பெர்னிஸுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேக்குற. அவ என் படம் ஒண்ணு கூடப் பாத்ததில்ல. புருஷன் சாவுறத பொண்டாட்டி கண்ணால பாத்தா ஆகாதுன்னு அவங்கம்மா சொல்லிவச்சுட்டாங்க. நான்தான் எல்லாத்துலயும் செத்துத் தொலைக்கிறேனே!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்க வீட்லயும் செத்தவங்களுக்குப் படையல் வைப்பீங்கல்ல? நாங்க ஏப்ரல்ல கல்லறைக்கே போவோம். முழுப் பன்னி, தலையோட வாலோட, தோலு மொறுமொறுன்னு சுட்டு எடுத்துக்கிட்டு. பெரியவங்களுக்கு வச்சுக் கும்பிட்டப்புறம்தான் நாம வாயில வைக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு துணுக்கு எடுத்தாலும் பாவம். அந்த வருஷம் மாமனார் செத்து மொத படையல். வண்டி ஓட்டுறது நான். பக்கத்துல பெர்னிஸ், மடியில ஊதுவத்தி. பின்னாடி பொட்டியில பன்னி, அதுக்குப் பக்கத்துல கிளிஃபர்ட். கிளிஃபர்ட் தூங்குறான். ரோட்டுல வண்டி நகரல, ஒரு மணி நேரமா நகரல. பெர்னிஸும் கண்ண மூடிட்டா. அந்த வாசன... யோலாண்டா, அந்த வாசன! கை தானா பின்னாடி போச்சு. மடக்குன்னு ஒரு சத்தம். அவ்ளோதான், காது என் வாயில!

கல்லறையில போய்ப் பொட்டியத் தொறந்தா, ஒத்தக்காதுப் பன்னி. பெர்னிஸ் தம்பியப் பாத்தா. "அப்பாவுக்கு வச்சத எச்சில் பண்ணிட்டியேடா"ன்னா. அவன் "சத்தியமா நான் இல்லக்கா"ங்கிறான். "அப்ப பன்னியே தின்னுச்சா?"ன்னா. நான் வாயத் தொறக்கல. எப்படித் தொறப்பேன்? பல்லு இடுக்குல இன்னும் தோலு இருக்கு!

ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நெனச்சேன். அவ சனிக்கிழம கல்லறைக்குப் போறா, அவன் ஞாயித்துக்கிழம போறான். முப்பத்தாறு ஏப்ரல். என் பொண்ணு கல்யாணத்துல தாய்மாமன் சமையக்கட்டுக் கதவோரம் உக்காந்து சாப்பிட்டான்மா.

அந்தப் படையல் முடிஞ்ச மறுநாள்தான், உள்ள ஓடுற இந்தப் படத்து ஷூட்டிங். நான் மந்திரவாதி. கதாநாயகன சபிக்கணும். "யூஜின், அடிவயித்துலேருந்து வரணும்"ன்னான் டைரக்டர். வந்துச்சு! "மாமா, மன்னிச்சிரு! பன்னிக்காத நான்தான் தின்னேன்! கிளிஃபர்ட் தொடவே இல்ல! உன் மகளுக்குப் பயந்து வாய மூடிக்கிட்டேன்!" கண்ணீரும் மூக்குமா கத்தினேன். ஒரே டேக்! கதாநாயகன் ரத்தம் கக்கிட்டு விழுந்தான்.

படம் ஊரெல்லாம் ஓடுச்சு, எங்க ஆளுங்க மட்டும் பாக்கல. மந்திரவாதியா நடிச்சு மானத்த வாங்கிட்டான்னு சங்கமே மூணு வருஷம் என்கூடப் பேசல. இப்ப அதே சங்கம் பேனர் கட்டுது! அந்தச் சாபத்துக்கு ரசிகர்கள் வேற இருக்காங்க. ஒஹாயோல ஒரு ஜோடி அதச் சொல்லித்தான் மோதிரம் மாத்திக்கிச்சாம். ஐயோ, சிரிக்காத, நானும் சிரிச்சிருவேன்!

...கேட்டியா? உள்ள மணி அடிக்குது. மந்திரவாதி குகைக்குள்ள நுழைஞ்சாச்சு. என் நெஞ்சு அடிக்கிறத இங்க தொட்டுப் பாரு... வேணாம், அதுக்கும் பெர்னிஸ் அடிப்பா.

சங்கத்துக்காரங்க வேற படம் போடலாம்னுதான் சொன்னாங்க. அந்த டாக்டர் படத்த. நான்தான் இதுதான் வேணும்னு அடம் புடிச்சேன். பெர்னிஸ்கிட்ட நானே போய், "இதுல நான் சாகலடி, புகையாத்தான் போறேன், தைரியமா வா"ன்னேன். கிளிஃபர்ட்டுக்கு அழைப்ப என் கையாலயே தபால்ல போட்டேன். ஏன்னு கேளு. போன மாசம் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. படத்துக்குப் புதுசா சப்டைட்டில் எழுதுற பொண்ணு. "சார், இந்த இடத்துல நீங்க என்ன சொல்றீங்க?"ன்னுச்சு. 'வானமே கேள், பூமியே கேள்'னு எதையாவது அடிச்சு விட்டிருக்கலாம். அந்தப் பொண்ணுக்கு எங்க பேச்சு தெரியாது, அப்படியே எழுதியிருக்கும். ஆனா ஐம்பது வருஷத்துல, யோலாண்டா, நான் என்ன சொல்றேன்னு ஒருத்தர் கேட்டது அதுதான் மொத தடவ. பொய் வரல. வார்த்த வார்த்தையா சொல்லிட்டேன்.

உஷ்ஷ்... நான்தான் கத்துறேன்... அமைதியாயிடுச்சு. ஏன் அமைதியாயிடுச்சு?

சிரிக்கிறாங்க! முந்நூறு பேரும்! கூரை பிச்சுக்கிட்டுப் போகுதே!

கதவு தொறக்குது. பெர்னிஸ். கையில குடை. வெயில் காலத்துல குடை எதுக்குடி கொண்டாந்த! பின்னாடி யாரு... கிளிஃபர்ட்! பெர்னிஸ் அவன் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வர்றாம்மா! அவன் கிட்ட ஏதோ சொல்றா... என்ன சொல்றா... "தம்பி, நீ அந்த வாசலப் போய் மறிச்சுக்க, நான் இந்தப் பக்கம் வர்றேன்"ங்கிறா!

தம்பின்னுட்டா! கேட்டியா யோலாண்டா, தம்பின்னுட்டா! அவன் பாரு, அழுதுக்கிட்டே வாசலுக்கு ஓடுறான், எழுவத்தோரு வயசுல என்னா ஓட்டம்!

இல்லம்மா, பின்கதவு வேணாம். கடைய விட்டு நானே வெளிய வர்றேன்.

வாடி பெர்னிஸ். மச்சான், நீயும் வா. இங்கதான் நிக்கிறேன்.