மனதை மாற்றிக்கொண்டவர்கள்

அவையை ஆளும் தலைமையாசிரியர் திரு. ஆஸ்ட்ராண்டர் அவர்களே! நான் எத்தனை நிமிடம் பேசுகிறேன் என்று கடிகாரத்தைக் கண்காணிக்கும் ஆலோசகர் அம்மையார் அவர்களே! ஏப்ரல் முடியப்போகிற நேரத்திலும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மினசோட்டாப் பனியை மிதித்து வந்திருக்கும் பெரியோர்களே! வெளிமேசையில் அடுப்பில் சுட்டெடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பதார்த்தத்தை வைத்துவிட்டு, அது ஆறுவதற்குள் இவள் முடிப்பாளா என்று ஏங்கும் தாய்மார்களே! மே முதல் தேதிக்குள் எந்தக் கல்லூரி என்று எழுதிக் கொடுக்கவேண்டிய என் அன்புச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் மார்லிஸ் எக்டாலின் மாலை வணக்கம்.

நான் மேடை கண்டவள் அல்ல. மேடு பள்ளம் கண்டவள். இந்த மாவட்டச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள். உங்களில் பாதிப்பேரின் சாலையோரத் தபால்பெட்டியை வண்டியால் இடித்துச் சாய்த்தவளும் நானே! என்ன வெர்னன், கை தூக்குகிறாய்? ஆமாம், உன்னுடையதும்தான். அதைப் பிறகு பேசுவோம்.

டாக்டராக வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இன்று பேச வந்தேன். மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முதலில் நான்கு ஆண்டு இளங்கலை படிக்கவேண்டுமே, அதற்கு எந்தக் கல்லூரி என்பதுதானே உங்கள் கவலை? எனக்கும் அதே கவலை இருந்தது. என் மகள் பிரிட்டா ஒன்பது வயதில் எங்கள் நாயின் கிழிந்த காலைத் தைத்தவள். அன்று முதல் அவள் வாயில் வேறு பேச்சே இல்லை.

அவளை ஒரு கல்லூரிக்கு அழைத்துச் சென்றேன். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக் காலை தலைமையாசிரியருக்குத் தொலைபேசி வரும். அந்தக் கல்லூரியின் கையேட்டில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருந்தது. தொண்ணூற்றெட்டு! எங்களிடமிருந்து விண்ணப்பிக்கும் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள் என்றது அது. எந்தத் தாய்தான் மயங்கமாட்டாள்? நானும் மயங்கினேன்.

எங்களுக்குச் சுற்றிக்காட்ட வந்த மாணவியின் பெயர் பெய்ஜ். எங்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தாள். சுற்றிக்காட்டுகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் அப்படித்தான் நடப்பார்கள், தெரியும். ஆனால் அவள் படி இறங்கும்போதும் திரும்பவில்லை. கதவு வந்தபோதும் திரும்பவில்லை. முதுகால் தள்ளித் திறந்தாள். சிரிப்பு மட்டும் எங்கள்மீதே இருந்தது.

அறிவியல் கட்டடத்தில் இரண்டு பெரிய புகைப்படங்களைக் காட்டினாள். இரண்டும் ஒரே படிக்கட்டில் எடுத்தவை. முதலாம் ஆண்டில் எந்தப் படியில் எந்த இடத்தில் எப்படி நின்றார்களோ, நான்காம் ஆண்டிலும் அதே இடத்தில் அப்படியே நிற்பது அங்கே மரபாம். முதல் படத்தில் நூற்றறுபது பேர். அடுத்த படத்தில் ஐம்பது பேர்!

ஐம்பது பேரும் நெருங்கி நிற்கவில்லை, அன்பர்களே! அவரவர் இடத்தில் நின்றார்கள். நடுவே இடம் இடமாகக் காலி. ஏழாவது படியில் ஒருவன், முதல் படத்தில் நண்பனின் தோளில் கை போட்டிருந்தான். இரண்டாவது படத்திலும் கையை அப்படியே உயர்த்தி வளைத்திருந்தான். கைக்குக் கீழே யாரும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மிச்சப் பேரெல்லாம் எங்கம்மா?" என்று பெய்ஜிடம் கேட்டேன்.

"அவங்க மனசை மாத்திக்கிட்டாங்க மேடம்" என்றாள்.

உணவுக்கூடத்தில் சூப் ஊற்றிய அம்மாவிடம் கேட்டேன். "அவங்க மனசை மாத்திக்கிட்டாங்க." ஆலோசகர் பென்ஹாலோவிடம் கேட்டேன். "அவங்க மனசை மாத்திக்கிட்டாங்க." மூன்று வாய், ஒரே வாக்கியம், ஒரே இழுப்பு! யாரோ சொல்லிக்கொடுத்த பாட்டைப் போல.

காரில் ஏறியதும், "வேணாம் பிரிட்டா, எனக்கு என்னமோ பிடிக்கலை" என்றேன்.

"உனக்குப் பேய்ப்படம் பார்த்துப் பார்த்துப் புத்தி கெட்டுப்போச்சும்மா. நான் அந்த அம்பதுல ஒருத்தியா நிப்பேன், பாரு!"

நிற்பாள் என்று நானும் நம்பினேன். சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டேன். குற்றம் என்னுடையது.

இரண்டாம் ஆண்டு, நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் பகல் உணவுக்குப் பிறகு பிரிட்டா தொலைபேசியில் பேசினாள். நாயைப் பற்றிக் கேட்டாள், பனியைப் பற்றிக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அம்மா, நான் மனசை மாத்திக்கிட்டேன்."

அதே வாக்கியம்! அதே இழுப்பு! குரல் மட்டும்தான் என் மகளுடையது.

தொலைபேசியை வைத்தேன், வண்டியை எடுத்தேன். நான்கு மணி நேரம். விடுதி வாசலுக்கு வந்த பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெய்ஜ் சிரித்த அதே சிரிப்பு.

"என்னடி நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலைம்மா. மனசை மாத்திக்கிட்டேன்."

"யாரு சொல்லிக் குடுத்தது? உன் வாயால சொல்லு. பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி எங்கிட்ட ஒப்பிக்காத."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கரிம வேதியியல் பாடத்தில் ஒரே ஒரு 'பி மைனஸ்', கொஞ்சம் குறைந்த மதிப்பெண், வாங்கியிருக்கிறாள். பென்ஹாலோ அழைத்திருக்கிறார். திட்டவில்லை, தெய்வமே, திட்டியிருந்தால் என் மகள் திருப்பிக் கொடுத்திருப்பாள்! தேநீர் கொடுத்திருக்கிறார். "இந்த நேரத்துல நிறையப் பேரு மனசை மாத்திக்குவாங்கம்மா" என்று கனிவாகச் சொல்லி ஒரு தாளை நீட்டியிருக்கிறார். அந்த வாக்கியம் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கீழே பெயர் எழுதத்தான் இடம். ஒப்பமிடாவிட்டாலும் கல்லூரிக் குழுவின் பரிந்துரைக் கடிதம் அவளுக்குக் கிடைக்காது. அந்தக் கடிதம் இல்லாமல் அங்கிருந்து விண்ணப்பித்தால், எந்த மருத்துவக் கல்லூரியும் கடிதம் ஏன் இல்லை என்றுதான் முதலில் கேட்கும்.

புரிகிறதா தாய்மார்களே, தொண்ணூற்றெட்டு எப்படி விளைந்தது என்று? நன்றாகக் கற்பித்தா? இல்லை! தோற்கக்கூடியவர் என்று தோன்றியவரையெல்லாம் விண்ணப்பிக்கும் முன்பே வெளியே அனுப்பி! நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, அதாவது ஐம்பதில் நாற்பத்தொன்பது என்றார்கள். நூற்றறுபதில் நாற்பத்தொன்பது என்று ஏன் சொல்லவில்லை? நூற்றுப்பத்துப் பிள்ளைகளின் கனவைக் கழித்துவிட்டுக் கணக்குக் காட்டுகிறார்கள். கழிக்கப்பட்ட பிள்ளையே, தானாகவே விலகியதாக நம்பிச் சிரிக்கிறது. அதுதான், ஐயா, என்னை இன்றுவரை நடுங்கவைக்கிறது!

வாசற்படியில் உட்கார்ந்து பிரிட்டா அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் மாத்தலைம்மா. எனக்கு இன்னும் டாக்டராகணும்." எனக்கு உயிர் வந்தது. அது அவளுடைய பேச்சு.

எங்கள் ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி உள்ள அரசுக் கல்லூரிக்குப் போனோம். அங்கே ஆலோசகர் டோர்வால்ட் என்ற அம்மாளிடம், எத்தனை பேர் தொடங்கினார்கள் என்று கேட்டேன். "எண்பது பேரு. முப்பத்தோரு பேரு விண்ணப்பிச்சாங்க. பதினாலு பேருக்குக் கிடைச்சுது. மிச்சவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லட்டா? உட்காருங்க, நேரம் பிடிக்கும்" என்றார். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒருத்தி செவிலி, ஒருவன் மருந்தாளர், ஒருத்தி ரொட்டிக்கடை வைத்திருக்கிறாளாம். யாரும் காணாமல் போகவில்லை. பதினான்கு சின்ன எண்தான். பிரிட்டா அங்கேயே சேர்ந்தாள்.

பெற்றோரே! வெளிமேசையில் கையேடு வைத்திருக்கும் கல்லூரிக்காரர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். கட்டடம் எத்தனை மாடி என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் வென்றார்கள் என்றும் கேட்காதீர்கள். எத்தனை பேர் தொடங்கினார்கள் என்று கேளுங்கள்! சறுக்கிய பிள்ளைக்கும் கடிதம் எழுதுவீர்களா என்று கேளுங்கள்! பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்!

என்ன அம்மா, பின்வரிசையில்? பிரிட்டா டாக்டராகிவிட்டாளா என்றா கேட்கிறீர்கள்? கேட்கவேண்டிய கேள்விதான். இந்த ஆண்டு பன்னிரண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் எழுதினாள். பதினொன்று இல்லை என்றுவிட்டன. பன்னிரண்டாவதும் நேற்றுக் காலை இல்லை என்றது. நான் சமையலறையில் நின்று அழுதேன். அவள் முட்டையைப் பொரித்துத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அழாதம்மா, அடுத்த வருஷமும் போடுவேன். நீ முதல்ல சாப்பிடு."

பொறுமையாகக் கேட்டீர்கள்; நன்றி. ஹாட்டிஷ் ஆறியிருந்தால் பழி என்னுடையது. வணக்கம்.