புழுவெட்டுப் பொடி

எனக்கு முடி கொட்டியதே இல்லை. நாற்பத்தாறு வயதாகிறது, இன்னும் சீப்பு சிக்கும் அளவுக்குத் தலையில் இருக்கிறது. முடி கொட்டுகிறவர்களின் கூட்டத்தில் நீ எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்று நேற்று நீங்கள் கேட்டபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. தாளும் பேனாவும் கொடுத்து நிதானமாக எழுதச் சொன்னீர்கள். நிதானமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் வீரசிங்கம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கிளினிக்கில் இருபத்தொரு வருடமாக டிஸ்பென்சர் வேலை. அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார். என்னை டாக்டராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார், எனக்கு மார்க் போதவில்லை. டாக்டர் எழுதுவார், நான் எண்ணிப் போடுவேன். என் சின்ன சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்டது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது மட்டும்தான். நான் எவ்வளவு படித்து வைத்திருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது. டாக்டரின் மருத்துவப் பத்திரிகைகளை அவரைவிட நான்தான் அதிகம் படித்தேன்.

தொண்ணூற்றாறில் கிளினிக்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது, இண்டர்நெட்டும் வந்தது. அந்த வருடம் நாகையா என்ற பையன் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தான். ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. இருபத்தெட்டு வயதில் உச்சி முழுக்க வெளிச்சம். அவனும் நண்பர்களும் ஈமெயிலில் ஒரு குழு வைத்திருந்தார்கள். முடி கொட்டும் தமிழர்கள் ஒருவருக்கொருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி ஆறுதல் சொல்லிக்கொள்ளும் இடம். ஒருவர் கடிதம் போட்டால் நூற்றைம்பது பேருக்கும் போகும். சுபாங் ஜெயாவில் இருந்தார்கள், கம்போங் மேடானில் இருந்தார்கள், ஈப்போவில்கூட இருந்தார்கள்.

"அண்ணே, உங்களுக்குத்தான் மருந்து தெரியுமே. வந்து நாலு பேருக்கு நல்லது சொல்லுங்க லா," என்றான்.

போனேன். மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை கிளினிக் மூடியிருக்கும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன். தைராய்டு பார்த்தீர்களா, இரத்தசோகை பார்த்தீர்களா, அந்த எண்ணெயை வாங்காதீர்கள், அது தேங்காயெண்ணெயும் கற்பூரமும்தான் என்று எழுதுவேன். இரண்டு வருடம் எழுதினேன். ஒரு காசு வாங்கவில்லை. யாரோ என்னை டாக்டர் என்று எழுதினார்கள். ஒருமுறை திருத்தினேன். இரண்டாம் முறை திருத்தவில்லை.

அப்படி எழுதியவற்றில் ஒரு கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது. நாட்டு மருந்துப் பொடி எதுவாவது அதிசயமாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள், முகம் நிலா மாதிரி உருண்டு, பசி கூடி, உடம்பு ஊதினால் அதில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள், வாங்காதீர்கள் என்று எழுதியிருப்பேன். நல்ல கடிதம். ஒரு வரி பிழையில்லை. ஆனால் அதை எழுதிய அதே வாரம் குழுவில் மூன்று பேர் சௌகிட்டில் ஒருவரிடம் முந்நூறு வெள்ளிக்குப் பொடி வாங்கினார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இலவசமாகக் கிடைக்கும் அறிவை யாரும் பின்பற்றுவதில்லை. தொண்ணூற்றேழு கடைசியில் எல்லோரும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூடினோம். என் பக்கத்தில் உட்கார இடித்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு தலையாகப் பார்த்துச் சொன்னேன். கடைசியில் பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தபோது என் பங்கையும் கேட்டு வாங்கினார்கள். கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

விற்பதற்கான பொடியை நானே வீட்டில் தயாரித்தேன். கரிசலாங்கண்ணி, நெல்லி, கறிவேப்பிலை. பச்சையாக, மணமாக இருக்கும். அதில் அதே ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்தேன். கிளினிக்கின் பெயரிலேயே ஆர்டர் போட்டேன், டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஆண்களுக்கு வரும் சாதாரண வழுக்கைக்கு அது வேலை செய்யாது. புழுவெட்டுக்குச் செய்யும். வட்டம் வட்டமாக உதிர்ந்த இடத்தில் இரண்டு மாதத்தில் முளைக்கும். அதனால் புழுவெட்டு உள்ளவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன். நாகையா எத்தனையோ முறை கேட்டான், அவனுக்கு உதவாது என்று சொல்லிவிட்டேன். அந்த அளவுக்கு நான் நேர்மையாகத்தான் இருந்தேன்.

சந்திரகலா வந்தது அதற்குப் பிறகு. கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. இருபத்தாறு வயது. அப்பா இல்லை, அம்மா இராஜம்மா ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். பின்தலையில் தொடங்கிய புழுவெட்டு காதுக்கு மேலே ஏறி, ஒரு புருவத்தையும் எடுத்துவிட்டிருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போவாள். பிள்ளைகள் இழுத்துவிடுவார்கள் என்று ஐந்து பின் குத்தியிருப்பாள். பந்திங்கில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமலே இருந்தார்கள்.

மூன்று மாதத்தில் புருவம் வந்தது. ஐந்தாவது மாதம் துணியை அவிழ்த்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள். கிள்ளானில் ஒரு சைபர் கபேயில் உட்கார்ந்து அவள் குழுவுக்கு எழுதிய கடிதத்தை நான் அச்சடித்து வைத்திருந்தேன். "அங்கிள் எனக்கு முகத்தைத் திருப்பிக் கொடுத்தார்" என்று ஒரு வரி. அதன் பிறகுதான் பொடிக்கு இவ்வளவு பேர் வந்தார்கள்.

எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், கிளினிக் மூடியிருந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவைத் தட்டினாள். கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள், வேர்த்திருந்தது. முகம் உருண்டு கண்கள் சிறுத்திருந்தன. தலைமுடி மட்டும் நன்றாக இருந்தது, காதருகே ஒரு மல்லிகைச் சரம்கூட வைத்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். தொண்ணூற்றாறில் நான் எழுதிய அந்தக் கடிதம். பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தாள்.

"பழைய மெயிலெல்லாம் நாகையா அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிப் படிச்சேன் அங்கிள். நீங்க எழுதினது எல்லாமே எனக்கு இருக்கு. மூஞ்சி, பசி, எல்லாம்."

நான் தாளை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

"உங்களுக்கு மூலிகை சப்ளை பண்றாங்களே, அவங்க உங்கள ஏமாத்துறாங்க அங்கிள். எனக்கு அப்படித்தான் தோணுது. நீங்க பாவம், தெரியாம எங்களுக்குக் குடுக்குறீங்க."

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசி வரை படவில்லை. அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "குரூப்ல எல்லாருக்கும் சொல்லணும். இன்னிக்கே மெயில் போட்டுரட்டுமா?"

"ரெண்டு வாரம் பொறும்மா," என்றேன். "லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு நானே எழுதுறேன். சும்மா ஒருத்தன் பேரக் கெடுக்கக்கூடாது இல்லையா?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. நியாயமான பிள்ளை. எழுந்து கதவு வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அப்ப நான் பொடிய நிறுத்திடவா அங்கிள்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் இருக்கும். பின்னால் சுவரில் மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் வருவதற்குள்.

"நிறுத்திடு," என்றேன்.

"உடனேவா? கொஞ்சம் கொஞ்சமாவா?"

"உடனே."

என் பழைய கடிதத்தில் ஒரு வரி பிழையில்லை என்றேன். ஆனால் ஒரு வரி குறைவு. அந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் நிறுத்திவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் அடுத்து வரும் ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காது. டிஸ்பென்சர் எவனுக்கும் இது தெரியும். அந்த மாத்திரையை வாங்கிப்போகும் ஒவ்வொருவரிடமும், டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள் என்று இருபத்தொரு வருடமாகச் சன்னல் வழியாகச் சொல்லி வந்தவன் நான். அவள் சன்னல் வழியாக வரவில்லை.

சிலருக்கு ஒன்றும் ஆகாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனையோ பேர் நிறுத்திவிட்டு நன்றாக நடமாடுகிறார்கள். நான் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை இராஜம்மா கிளினிக்குக்கு போன் செய்தார். பள்ளியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், இவளுக்கும் தொற்றிக்கொண்டது.

"ரெண்டு நாளா வாந்தி சார். எழுந்து நின்னா கண்ண இருட்டுதுங்கறா. கை கால் சில்லுன்னு இருக்கு. உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்றா."

"காய்ச்சல்தான் அக்கா, எல்லாருக்கும் இருக்கு," என்றேன். "உப்புப் போட்டுக் கஞ்சி குடுங்க. தூங்கட்டும். நாளைக்குப் பாப்போம்."

"பொடி சாப்பிட்டத டாக்டர்கிட்ட சொல்லணுமா சார்?"

"அது வெறும் மூலிகைதானே. சொல்லி என்ன ஆகப்போகுது?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, என் முன்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் இரண்டாவது தட்டில் அதே ஸ்டீராய்டு ஊசி மருந்தாக இருந்தது. நான்கு குப்பிகள். ஒன்று போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். ஃபெடரல் ஹைவேயில் கிள்ளானுக்கு நாற்பது நிமிடம். எனக்குக் கார் இருக்கிறது. வெளியே ஒன்பது பேர் மருந்துக்குக் காத்திருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டுப் போவது பொறுப்பான காரியமாகத் தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்குப் போனேன். தலைமுடியைப் பின்னிப் பூ வைத்திருந்தார்கள். இராஜம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அங்கிள் சொன்னாரு, அங்கிள் சொன்னாருன்னுதான் சார் சொல்லிக்கிட்டு இருந்தா," என்றார். குழுவில் எல்லோருக்கும் நான்தான் இரங்கல் கடிதம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது என்று பலர் பதில் எழுதினார்கள். மூன்று பேர் அதே கடிதத்தில் பொடியும் கேட்டிருந்தார்கள். அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, மகளின் கைப்பையைச் சுத்தம் செய்யும்போது அந்தத் தாளும் பாதிப் பொடிப் புட்டியும் இராஜம்மாவுக்குக் கிடைத்தன. தாளின் ஓரத்தில் அவள் எழுதி வைத்திருந்தாள்: அங்கிள் உடனே நிறுத்தச் சொன்னார், சனி. அந்த அம்மாவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது. இது என்ன என்று கேட்கத்தான் வீட்டுப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டு போயிருக்கிறார். டாக்டர் பொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மீதி உங்களுக்குத் தெரியும்.

கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆமாம். நிறுத்தச் சொன்னபோது என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன், போனில் கஞ்சி கொடுக்கச் சொன்னபோதும் தெரிந்துதான் சொன்னேன். இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் இந்த ஆறு நாளும் அவளைப் பற்றியேதான் கேட்கிறீர்கள். எத்தனை வெள்ளி சம்பாதித்தாய் என்று கேட்டீர்கள். மாத்திரை எங்கே வாங்கினாய் என்று கேட்டீர்கள். கம்ப்யூட்டரை எடுத்துப் போனீர்கள், அதில் ஒன்றும் இருக்காது, நான் அழித்துவிட்டேன். பொடி சாப்பிடுகிறவர்கள் இன்னும் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். பெயரும் விலாசமும் எனக்கு மனப்பாடம். மாதக் கடைசியில்தான் புதுப் புட்டி அனுப்புவேன், இந்த முறை அனுப்ப முடியவில்லை. எனக்குத் தெரிந்து பலருக்குப் போன வெள்ளிக்கிழமையே தீர்ந்திருக்கும். பள்ளிக்கூடங்களில் காய்ச்சல் இன்னும் ஓயவில்லை என்று காவலுக்கு நிற்கும் பையன் சொன்னான்.

அவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நான் இருந்ததே இல்லை.