‘பார்க்கலாம்’ என்பதன் சீனப் பொருளை அறிந்தவருக்கு

எங்கள் பொறாமைக்கு உரிய பெரியவரே!

பசிபிக் கடலைப் பலமுறை கடந்தும் பதற்றத்தைப் பையில் எடுத்துச் செல்லாத பண்பாளரே! சொன்ன சொல்லைச் செவியாலும் சொல்லாத சொல்லைச் சிந்தையாலும் கேட்கத் தெரிந்தவரே! நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஆய்வகத்துக்கும் சீனத்தின் ஷென்சென் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று, இரு பக்கத்தாரின் கோபத்தையும் தம் சிரிப்பில் கரைத்து, இன்று பணி ஓய்வு பெறும் ஒருங்கிணைப்பாளர் திரு. நஞ்சுண்டன் அவர்களே! வணக்கம்.

‘மதிப்பிற்கு உரிய’ என்றுதான் முதலில் எழுதினேன். அது பொய்யில்லை, ஆனால் போதவில்லை. இந்த மடலை எழுதும் வேலையை என்னிடம் தந்தபோது திட்ட மேலாளர் சேனாபதி, “ரொம்ப அலங்காரம் பண்ணாத வான்மதி, சார் உடனே கண்டுபிடிச்சிடுவார்” என்று எச்சரித்தார். உங்களைப் பற்றி நாங்கள் மதிய உணவு மேசையில் உண்மையில் பேசியதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். பெரும்பகுதி பொறாமைதான். ஆகவே அதையே பாராட்டாக்கித் தருகிறோம், ஏற்றருள்க!

தொலைபேசி இணைப்பகங்களைச் சோதிக்கும் நம் கருவிகளைச் சீனத்தில் செய்விக்க முடியுமா என்று பார்த்துவரத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிறுவனம் ஆள் தேடியது. “கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு, இப்போ டிராவல் பண்ண முடியாது” என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது நீங்கள் பெட்டியைக் கட்டினீர்கள். திரும்பி வந்து நீங்கள் காட்டிய புகைப்படங்களில் சேற்றுச் சாலை, மூங்கில் சாரம் கட்டிய அரைகுறைக் கட்டடம், பெஞ்சில் அமர்ந்து அட்டைப்பெட்டி ஒட்டும் பெண்கள். “நம்மூர் தொழிற்பேட்டையே தேவலாம் சார்!” என்று நம்மவர் சிரித்தார்களாம். “சிரிங்க, சிரிங்க. அடுத்த போட்டோவுக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கங்க” என்றீர்களாம் நீங்கள்.

அடுத்தடுத்த பயணங்களில், பெட்டி ஒட்டியவர்கள் நம் மின்சுற்றுப் பலகைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள்; பிறகு அவற்றைச் சோதித்தார்கள்; பிறகு நம்மிடம் கேள்வி கேட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பின் வந்த படத்தில், என் வயதுப் பொறியாளர்கள் தாங்களே வடிவமைத்த கருவியின் முன்னால் நின்றிருந்தார்கள். பின்னால் இருந்த கட்டடத்தின் உச்சி படத்தில் அடங்கவில்லை. அந்தப் படம் கைமாறி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கோவைக்காரியான எனக்கு வயிறு எரிந்தது. “மோட்டார் கட்டத் தெரியாத கையா சார் நம்ம கை? அங்க வந்தது நம்மகிட்ட ஏன் வரல?” என்று உங்களிடமே கேட்டேன்.

“பொறாமைப்படு கண்ணு, தப்பில்ல. தூரத்துல நின்னு பட்டா வயிறுதான் எரியும். பக்கத்துல போய் உக்காந்து படு.”

அந்தச் சொல்லை நம்பித்தான் மாவட்டக் கல்லூரியின் மாலை வகுப்பில் சீனம் படிக்கச் சேர்ந்தேன். ஏறும் தொனிக்கும் இறங்கும் தொனிக்கும் தமிழில் குறி இல்லாததால் எழுத்துகளின் தலையில் அம்பு வரைந்து படித்தேன். நன்றாகப் படித்தேனா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. விடாமல் படித்தேன் என்பதில் இல்லை.

பெருந்தகையே! சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்த அந்தத் தொலைபேசிக் கூட்டத்தை மறப்போமா? புதிய கருவியை முன்னதாகவே அனுப்ப முடியுமா என்று நாம் கேட்டோம். தொழிற்சாலைத் தலைமைப் பொறியாளர் லியு அன்போடு, “யென்ஜியூ, யென்ஜியூ” என்றார். ‘ஆராய்கிறோம்’ என்று நான் முந்திக்கொண்டு மொழிபெயர்த்தேன். சேனாபதி கால அட்டவணையில் பச்சை நிறம் பூசினார். யாழ்ப்பாணத்துக் கஜன் சோதனை மேசையை ஒழுங்கு செய்யவே எழுந்துவிட்டார். நீங்கள் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

“உக்காருங்க கஜன். அது முடியாதுன்னு அர்த்தம்.”

“என்ன சேர், அவையள் ஓம் எண்டெல்லோ சொன்னவை?”

“பொண்ணு கேட்டுப் போற எடத்துல ‘பாக்கலாமுங்க’ன்னு சொன்னா, மறுநாளே மண்டபம் புக் பண்ணிருவீங்களா?”

அறையே சிரித்தது. எனக்கு மட்டும் காது சுட்டது. அகராதியில் இருந்த பொருள் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லை லியு எதற்குச் சொன்னார் என்பதுதான் அதில் இல்லை. ‘நீ ஹாவ்’ என்பதற்கு மேல் சீனம் அறியாத நீங்கள், பெண் கேட்டுப் போன அனுபவத்தை வைத்து அதைப் பிடித்துவிட்டீர்கள். இதற்குப் பொறாமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

அன்றே நீங்கள் லியுவைத் தொலைபேசியில் தனியாக அழைத்து, அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே, முடியுமா என்று கேளாமல், எது சிரமம் என்று கேட்டீர்கள். வரைபடத்தில் இணைப்புக்கான துளை தவறான இடத்தில் இருந்தது. தவறு நம்முடையது. அவர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டு, நம் மேலதிகாரிகள் முன்னால் நம்மைத் தலைகுனிய வைக்க மனமின்றிக் காத்திருந்தார்கள். வரைபடம் திருத்தப்பட்டது. கருவி தாமதமாக, ஆனால் பழுதின்றி வந்தது.

அந்தக் கூட்டத்தில் என் பக்கத்திலேயே அமர்ந்து குறிப்பெடுத்த, சீனத்திலிருந்து வந்த நம் சக ஊழியர் ஷென் யூலானிடம், “லியு மறுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று பின்னர் கேட்டோம். தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றோம். “யாரும் என்னைக் கேட்கவில்லையே” என்றார் சாதாரணமாக. உண்மைதான், நாங்கள் யாரும் கேட்கவில்லை. நீங்களும்தான்.

நீங்கள் ஓய்வு பெறப்போவது தெரிந்ததும், உங்கள் இடத்துக்கு வர நான் ஆசைப்பட்டேன். இதை இங்கே மறைத்துப் பயனில்லை. ஆய்வகத்தில் அறியாதவர் இல்லை. வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை. துணிந்து வந்து கேட்டேன்.

“சார், உங்க இடத்துக்கு என் பேரைச் சொல்வீங்களா?”

“இல்லம்மா. யூலான் பேரைச் சொல்லிட்டேன்.”

நயமாக மறுப்பதன் நுட்பமெல்லாம் அறிந்த நீங்கள், எனக்கு மட்டும் ஒரு ‘பார்க்கலாம்’ கூடத் தரவில்லை. தந்திருந்தால் இன்னும் சில வாரங்கள் சந்தோஷமாக இருந்திருப்பேன். கண் கலங்கியது, மறைக்க முயன்றேன், நீங்கள் பார்க்காதது போல் இருந்தீர்கள்.

“அவங்ககிட்டப் பேச நாம கத்துக்கிட்டோம் வான்மதி. அவங்க நம்மகிட்டப் பேசறதுக்கு இன்னும் வழி பண்ணல. எல்லாப் பக்கமும் நாமளே உக்காந்துக்கிட்டா அதுக்குப் பேரு கூட்டு வேலையா?”

நியாயம் புரிந்தது, வருத்தம் போகவில்லை. இன்று புதிய ஒருங்கிணைப்பாளராக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் யூலானைப் பார்க்கும்போது அது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அவருக்கும் அது தெரியும். போன வாரம் நானே சொல்லிவிட்டேன். “உன் இடத்தில் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்” என்று சொல்லி, எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினார்.

ஐயா! சண்டை வந்த நாளில் சமாதானம் செய்தீர்கள். சாதனை வந்த நாளில் பின்வரிசைக்குப் போனீர்கள். சீனம் வளர்வதைச் சிலர் அச்சத்தோடும் சிலர் அலட்சியத்தோடும் பார்த்தபோது, அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தீர்கள். தொலைத்தொடர்புத் துறையே தள்ளாடும் இந்த ஆண்டிலும் இந்த ஆய்வகம் மூடப்படவில்லை என்றால், அதற்கு அந்தச் சாப்பாடுகளும் ஒரு காரணம் என்று நம்புகிறோம்.

இனி உங்கள் காலை நேரங்கள் எல்லாம் உங்கள் துணைவியார் வசந்தாமணி ஆன்ட்டிக்குச் சொந்தம். அவர்மேலும் எங்களுக்குப் பொறாமை! கண்ணொளி மங்காமல், கால் வலி அண்டாமல், நாவின் குறும்பு குன்றாமல், நீங்கள் இருவரும் நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும் என்று வேண்டுகிறோம்.

இத்தகைய மடலில் முதல் கையொப்பம் ஒருங்கிணைப்பாளருடையது என்பது நம் ஆய்வக வழக்கம். எழுதியவள் நான் என்பதால் பேனா முதலில் என் கைக்கு வந்தது. மேலே ஒரு வரி இடம் விட்டு, என் பெயரை எழுதியிருக்கிறேன். யூலான், வாருங்கள்.

இங்ஙனம்,

............................................
வான்மதி
சேனாபதி
கஜன்
மற்றும் ஆய்வக ஊழியர்கள்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
ஜூன் 2001