கூரை எந்தப் பள்ளிக்கு

— என் பள்ளிக்கூடத்தைவிட உன் பள்ளிக்கூடம் மோசம்னு எந்த வாயால சொல்ற? மழை வந்தா என் மூணாம் வகுப்பு குடை பிடிச்சுக்கிட்டுதான் வாய்ப்பாடு சொல்லுது.

— உங்க பசங்களுக்குக் குடையாவது இருக்கு. என் அஞ்சாம் வகுப்பு மொத்தமும் மேஜைக்கு அடியில உட்கார்ந்திருக்கு. மேஜை மேல நான் உட்கார்ந்து பாடம் நடத்துறேன். வெங்காயத்தை இன்னும் பொடியா நறுக்குங்க.

— கண்ணு எரியுது. இங்க பாரு, கிழக்குத் தெருப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியரா வந்தப்போ கரும்பலகைக்குப் பின்னாடி ஒரு தவளை இருந்துச்சு. இப்ப அதோட பேரன் அங்க குடும்பம் நடத்துது.

— ஆமா ஆமா. என் மேற்குத் தெருப் பள்ளியில மணி அடிச்சா ஓடு விழும். அதனால மணியே அடிக்கறதில்ல. ஆயா வகுப்பு வகுப்பாப் போய் காதுல சொல்லிட்டு வர்றாங்க.

— ஊர்ல இருக்கறதே ரெண்டு அரசுப் பள்ளி. எது மோசமோ அதுக்குத்தான் புதுக் கட்டடம். கட்டின புருஷனுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தா என்ன?

— வீட்ல விட்டுக் கொடுக்கறேன், போதும். நனையறது என் பசங்க. சரி, காலையில எது மோசம்னு பார்க்கக் கல்வி அதிகாரி முதல்ல உங்ககிட்டதானே வந்தார், என்ன ஆச்சு?

— அதை ஏன் கேக்கற. மூணு மாசமா பசங்களுக்குத் தப்பா பதில் சொல்லப் பழக்கி வச்சிருந்தேன்.

— தப்பாவா?

— மோசமான பள்ளின்னு தெரியணும்ல. சரியான விடையோட ஒண்ணு கூட்டிச் சொல்லணும், அவ்வளவுதான். ஏழெட்டு எவ்வளவுன்னார். வகுப்பே ஒரே குரல்ல ஐம்பத்தேழுங்குது.

— ஒண்ணு கூட்டணும்னா முதல்ல சரியான விடை தெரியணுமேங்க.

— அது அவர் முகத்தைப் பார்த்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது. பதினேழு பதிமூணு கேட்டார். இருநூத்தி இருபத்திரெண்டுன்னுச்சு, வாயை மூடறதுக்குள்ள. ஒரு பொண்ணு மட்டும் தவறிப்போய் சரியாச் சொல்லிடுச்சு. 'ஒண்ணு சேர்க்க மறந்துட்டியே'ன்னு மொத்த வகுப்பும் அதைத் திட்டுது, அவர் எதிர்லயே.

— அவர் என்ன சொன்னார்?

— கூரை இல்லாமயே இப்படிப் படிக்குதுங்க, இதுங்களுக்குக் கூரை எதுக்குன்னுட்டுக் கிளம்பிட்டார். என் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு அந்தப் பிள்ளைங்க நனையப் போகுது. சிரிக்காத. உன் பள்ளியில என்ன கேட்டார்?

— அதே ஏழெட்டுதான். நான் சத்தியமா ஒழுங்காத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனா எல்லாம் சந்தைத் தெருப் பசங்களாச்சே. முதல் பெஞ்சுல ஒருத்தன் எழுந்து, 'நீங்க எவ்வளவு சொல்றீங்க சார்?'னு கேட்டான்.

— அடப்பாவி.

— அவரும் விளையாட்டா அறுபதுன்னார். 'ரொம்ப அநியாயம், நாப்பதுக்கு முடிச்சுக்கலாம்'னு பின்னாடியிருந்து ஒருத்தி. கடைசியில ஐம்பதுக்கு அவரே இறங்கி வந்துட்டார்.

— அப்ப கட்டடம் உனக்குத்தான். என் பசங்க கதி?

— உங்க பசங்களும் நனைய வேண்டாம். ரெண்டு பள்ளியையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே கூரையில வைக்கச் சொல்லிட்டார்.

— அப்பாடா, வயித்துல பாலை வார்த்த. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

— மீதியை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். ஒரு பள்ளிக்கு ஒரு தலைமை ஆசிரியர்தானாம், என் பேரைப் போட்டுட்டார். உங்களுக்கு மூணாம் வகுப்பு, லீவு வேணும்னா இனிமே மேடம்னு போட்டு எங்கிட்ட எழுதிக் கொடுங்க.