தாயத்தில் இருந்த துணுக்கு

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், ஆனையூர் பஸ். கோரிப்பாளையத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஏறிய கணவனும் மனைவியும் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

“செத்த பிள்ளையக் கேட்டாத்தான் வயித்துப் பிள்ளையப் பத்திச் சொல்ல முடியுமா மாமா?” என்றாள் அவள்.

“அவன் ரத்தத்தைத்தான் கேக்குறாக புள்ள. அவனுக்கு வந்த நோவு வம்சத்துல வர்றதாம். இதுக்கும் இருக்கான்னு ஒத்துப் பாக்கணுமாம்.”

“புதைச்சு வருசமாச்சு. ரத்தத்துக்கு எங்க போக?”

“தாயத்துல அவன் தொப்புள்கொடி இருக்குல்ல. துணுக்கு போதும்னாரு டாக்டரு. எம்புட்டுச் சின்னதா இருந்தாலும் பெருக்கிப் பாத்துருவாகளாம். வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு நெலத்துக்கு வாங்குற மாதிரி அந்த முறைக்கே பட்டா வாங்கி வச்சிருக்காம், வேற யாரும் செய்யக் கூடாதாம். அங்கதான் அனுப்பணும்.”

“பாத்துட்டுத் திருப்பித் தருவாகளா?”

“கரைச்சுத்தான் பாப்பாகளாம்.”

தாலிக்கயிற்றில் கோத்திருந்த தாயத்தை அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தங்கள் போயின.

“பாதிய மட்டும் குடுப்போம் மாமா,” என்றாள். “இதுக்கும் அந்த நோவு இருக்குன்னு சொல்லிட்டாகன்னா, எங்கிட்ட ஒண்ணுமே இருக்காதுல்ல.”